ஐந்தாவது விளக்கு

செத்துப்போன பேட்டரியை நான் தூக்கி எறிவதில்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனாலும், டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் எல்லோரும் பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நான் அதைப் பொறுக்கிவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பேன். மீட்டரை வைத்துப் பார்த்தால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கும். மனிதர்களுக்குப் பொறுமை போதாது, அவ்வளவுதான். அந்த மிச்சத்தைக் கறந்தெடுப்பதுதான் இருபது வருடமாக என் தொழில்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவைத்தீர்கள். நன்றி. மின்சாரம் என்றால் ஷாக் அடிக்கும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது என்று நேற்றே சொல்லிவிட்டீர்கள். அதனால் உங்களுக்குப் புரிகிற மாதிரி, முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு சாதாரண பேட்டரி ஒன்றரை வோல்ட் தரும். வெள்ளை எல்.இ.டி. எரிய மூன்று வோல்ட் வேண்டும். இடையில் உட்கார்ந்து ஒன்றரையை மூன்றாக ஏற்றிக் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் தேவை. அதை பூஸ்ட் கன்வெர்ட்டர் என்போம். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீச்சியடிக்கும் அல்லவா, ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கம்பிச்சுருளில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று வழியை மறித்தால், அது வேகம் கொண்டு அதிக வோல்ட்டில் வெளியே பாயும். வினாடிக்கு ஐந்து லட்சம் தடவை இப்படி மறித்து மறித்துத் திறக்க வேண்டும். பேட்டரியிடமிருந்து வாங்கும் நூறில் எத்தனையை விளக்குக்குக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த சர்க்யூட்டுக்கு மதிப்பு. என்னுடையது தொண்ணூற்றிரண்டரை கொடுத்தது. அந்த அரைக்காக மட்டும் ஐந்து மாதம் உழைத்தேன். பேட்டரி முக்கால் வோல்ட்டுக்கு இறங்கிய பிறகும் என் விளக்கு ஒளி குறையாமல் எரியும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய குண்டு பல்பு விளக்கு சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி, மங்கி, முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடந்துதான் அணையும். என் சர்க்யூட் அப்படிச் செய்யாது. பேட்டரி இளைக்க இளைக்க அதை இன்னும் வேகமாக உறிஞ்சி, விளக்கைப் பளிச்சென்றே வைத்திருக்கும். பிறகு இரண்டு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் மாப்பிள்ளைதான். என் தங்கையின் கணவர். நீர்வழங்கல் துறையில் சுரங்கம் பார்க்கிற வேலை அவருக்கு. ஊருக்குத் தண்ணீர் வரும் பெரிய சுரங்கத்தை வருடத்துக்கு ஒருமுறை காலிசெய்வார்கள். அப்போது இவர் உள்ளே நாலு கிலோமீட்டர் நடந்து, சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டி, விரிசல் எங்கே என்று குறித்துவருவார். அந்த வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடிகாரத்தை அவர்கள் அவ்வளவாக நம்ப மாட்டார்கள். விளக்கு மஞ்சளடித்தால் எந்த வேலையானாலும் அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி நடப்பார்கள்.

மாதிரி விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, மாப்பிள்ளை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் கண்ணைப் பறிக்குது மச்சான். ஆனா மஞ்சள் எங்க?"

"இதுல மஞ்சள் வராது மாப்பிள்ளை. கடைசி வரைக்கும் இதே வெளிச்சம்தான்."

"அப்ப எங்க ஆளுங்க தொடக்கூட மாட்டாங்க. எங்களுக்கு மஞ்சள்தான் மேலதிகாரி. அவர் சொன்னாத்தான் வெளிய வருவோம்."

தங்கை சிரித்தாள். "வீட்டுல நான் சொன்னா மட்டும் அசைய மாட்டாரு அண்ணா. எனக்கும் ஒரு மஞ்சள் விளக்கு செஞ்சு குடு."

அவர் கேட்டது நியாயம். மறுநாளே சர்க்யூட்டில் ஒரு காவலாளியைச் சேர்த்தேன். பேட்டரியின் வோல்ட்டை அது எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வெள்ளையைக் கால் பங்காகக் குறைத்து, பக்கத்தில் ஒரு மஞ்சள் எல்.இ.டி.யைப் போட்டுவிடும். அதன் பிறகு விளக்கு நாற்பது நிமிடம் எரியும். காவலாளி தின்னும் மின்சாரம் ஒன்றுக்கும் காணாது. முந்தாநாள் உங்களிடம் சொன்னபோது, அது நிறையத் தின்கிறது, சிக்கனத்துக்காக அதை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

காவலாளி வேலை செய்ய ஒரு சின்ன மின்தடை, ரெசிஸ்டர் என்பார்களே, அது வேண்டும். அரிசியில் பாதி கூட இருக்காது. அதை எடுத்துவிட்டால் பேட்டரி எப்போதும் நிறைந்திருப்பதாகவே காவலாளிக்குத் தெரியும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். இதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

என் குடும்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. தலைவாரிவிட்டேன், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தேன், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் போய்க் கைகட்டி நின்றேன். மாலையில் என் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மின்தடைகளை நிறம் பார்த்துப் பிரித்துவைப்பாள். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வாசனை பிடிக்கும் என்பாள். பதினோரு வயதில் என்னைவிட வேகமாகப் பிரித்தாள். எனக்குக் கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை என்று வெளியே சொல்வேன். உண்மையில் எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். மேல்மாடியில் அறை கட்டி, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவரைக் கெட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கலகலப்பானவர், கைசுத்தமானவர். ஒரே ஒரு குறை, ஓரிடத்தில் சும்மா இருக்க மாட்டார். ஒருநாள் மாலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. நானும் தங்கையும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து மெழுகுவர்த்தி தேடிப் போய், முதலில் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார், பிறகு கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம் உக்காந்தா தானா வந்துடும்ல?" என்றாள் தங்கை.

"இருட்டுல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்மா" என்று அவர் இருட்டுக்குள்ளிருந்து சொன்னார்.

நானும் சிரித்தேன். அப்போது என் மனதில் எள்ளளவும் வேறு எண்ணம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகுதான் அந்தச் சேதி வந்தது. தங்கைக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஒரு நல்ல விஷயம். பதவி உயர்வு குடுத்து வேற ஊருக்குப் போட்டிருக்காங்க. வர்ற மாசக் கடைசியில சேரணும்."

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஒன்றரை நாள். அவ்வளவுதான்."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் முகம் வாடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "குவார்ட்டர்ஸ் தர்றாங்களாம் அண்ணா. முன்னாடி சின்னதா தோட்டம் இருக்காம். நீ லீவு போட்டுட்டு வந்து இருக்கலாம்" என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். எனக்கு வலித்தது. ஆனாலும் வாழ்த்துச் சொன்னேன், பெட்டி கட்டுவதற்கு அட்டைப்பெட்டிகள்கூட வாங்கிவந்து கொடுத்தேன்.

ஒரு காரியத்தைத் தள்ளிப்போட வேண்டுமானால் என்ன செய்யலாம் என்று யாரும் யோசிப்பார்கள். காலில் ஒரு எலும்பு முறிந்தால் சுரங்க வேலைக்காரரை இடம் மாற்ற முடியாது. மூன்று மாதம் படுக்கை, அதன்பின் மெல்ல நடை. அதற்குள் குழந்தை பிறந்துவிடும். பச்சைக் குழந்தையோடு ஒன்றரை நாள் ரயிலில் போக நானே சம்மதிக்க மாட்டேன். அப்படியே ஒரு வருடம் ஓடிவிடும். அந்த இடத்துக்கு வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். ஒரு எலும்பு.

அந்த வாரம் சுரங்கத்தைக் காலிசெய்யும் வாரமாக அமைந்தது. என் விளக்கு ஐந்து மாதிரிகள் தயாராகியிருந்தன. துறைக்காரர்கள் சோதித்துப் பார்க்க நாலு போதும். ஐந்தாவதை மாப்பிள்ளைக்கென்று தனியாகச் செய்தேன். மற்ற நாலிலும் காவலாளி விழித்திருந்தது. ஐந்தாவதில் அந்த ஒரு மின்தடையை மட்டும் சூடுவைத்து எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அழுக்கோடு ஒரு சர்க்யூட் பலகையை வெளியே அனுப்புவது எனக்குப் பிடிக்காது.

புது பேட்டரி போட்டால் விளக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் எரியும். எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் போதும். எனவே ஒரு புது பேட்டரியை முதல்நாள் காலையில் எங்கள் கம்பெனிப் பரிசோதனை அறையில், பேட்டரியைக் காலிசெய்யும் லோடு மேசையில் போட்டு, கணக்காக வற்றவிட்டேன். அந்த அறை ஒரு அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்துக்காக ஆளைக் கொன்று தின்றுவிடுவார் என்பதால் அவரை எல்லோரும் தசமம் என்போம். அவருக்கும் அது தெரியும். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. லோடு மேசையில் எதைப் போட்டாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்: எந்த மாதிரிக்கு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, மிச்சம் எவ்வளவு. நானும் எழுதினேன். 'மாதிரி ஐந்து. காலை 9.10 முதல் மதியம் 1.05 வரை. மிச்சம் இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்.' கையெழுத்தும் போட்டேன். நேற்று அந்தப் பக்கத்தைக் காட்டி, ஏன் எழுதினாய், எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்கள். இருபது வருடத்தில் ஒரு அளவீட்டைக்கூட நான் எழுதாமல் விட்டதில்லை. பொய் எண் எழுதவும் என் கை வராது.

இரண்டே முக்கால் மணி என்பதை எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். மாப்பிள்ளையே சொன்னதுதான். சுரங்கத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு செங்குத்துக் கிணறு இருக்கிறது. தண்ணீர் அங்கே கீழ்மட்டத்துக்கு இறங்கும். அதன் ஓரமாக இரண்டடி அகலத்தில் ஒரு திட்டு, கைப்பிடி கிடையாது. அந்த இடத்தில்தான் விரிசல் அதிகம், ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்க்க அரை மணி நேரம் பிடிக்கும் என்று போன வருடம் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் தம்ளரையும் வைத்து எனக்குப் படம் போட்டுக் காட்டினார். ஒன்பது மணிக்கு இறங்கினால் பதினொன்றரைக்குக் கிணற்றடிக்கு வந்துவிடுவேன், என் காலுக்கே அந்தக் கணக்குத் தெரியும் என்றார். பெருமையாகச் சொன்னார்.

இருட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் அவர்களிடம் வழி உண்டு. இறங்கும் ஏணியடியில் ஒரு துணையாள் நிற்பார். உள்ளே போனவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தேடி வருவார். ஆகவே விளக்கு அணைந்தவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இருக்கிற இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். பொறுமை இருந்தால் யாரும் பிழைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை வாசலில் நின்று அவர் கையில் விளக்கைக் கொடுத்தேன். தண்ணீர் புகாமல் இருக்க நாலு திருகு போட்டு இறுக்கியிருந்தேன். உள்ளே வைத்து அதைத் திறக்க முடியாது. சுரங்கத்துக்குள் போன் கொண்டுபோகவும் அனுமதியில்லை. அவர் பழைய விளக்கையும் தோளில் மாட்டியிருந்தார். அது செங்கல் கனம் கனக்கும்.

"இதையும் எடுத்துக்கட்டுமா மச்சான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. பேசாமல் கொண்டுபோயிருக்கலாம். கேட்டுவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, என் மேல நம்பிக்கை இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டே பழையதைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தார். "மஞ்சள் போட்டிருக்கீங்கல்ல, அது போதும்" என்றார். தங்கை வாசலில் நின்று, கையில் அந்தப் பழைய விளக்கோடு, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போனேன். பதினொன்றே முக்காலுக்குத் தசமம் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

அவருடைய குறிப்பேட்டில் கடைசிப் பதிவு பதினொன்று நாற்பத்தாறு என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. என் கணக்கில் ஒரு நிமிடம்தான் பிசகு. அந்தத் தகவலுக்காக உங்களுக்கு நன்றி சொன்னேன், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

மூன்றாம் நாள் அவருடைய சாமான்களைத் துறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொப்பி, சுத்தியல், நனைந்த குறிப்பேடு, விளக்கு. தங்கை அழவில்லை. என் மேசையில் உட்கார்ந்து, என் திருப்புளியால் நாலு திருகையும் கழற்றினாள். தடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அத்தனை வருடம் கழித்து அவள் மறுபடியும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இந்த எடத்தை ஸ்பிரிட் போட்டுத் தொடச்சது யாரு அண்ணா?"

"எந்த எடம்?"

"இங்க ஒரு மின்தடை இருந்திருக்கு. விழுந்திருந்தா ஈயம் பிஞ்சிருக்கும். இது எடுத்தது. எடுத்துட்டுத் தொடச்சது."

மெய்யாகவே நன்றாகக் கவனித்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை என்று ஒரு கணம் மனது நிறைந்தது. அவள் விளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். மற்ற நாலு விளக்கையும் பதிவேட்டையும் தசமத்திடம் கேட்டு வாங்கச் சொன்னதும் அவள்தான் என்று அறிகிறேன்.

எலும்பு முறிவைப் பற்றி எழுதியதையும் திருத்திவிடுகிறேன். இவ்வளவு தூரம் வந்தபின் அதை மட்டும் அப்படியே விடுவது சரியாக இருக்காது. கிணற்றின் ஆழம் பன்னிரண்டு மீட்டர், அடியில் சிமெண்ட் தளம். இதை அவர் தம்ளரை வைத்துக் காட்டியபோதே நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு மீட்டரில் எலும்போடு நிற்காது. விளக்கு அணைந்தால் அவர் உட்கார மாட்டார் என்பதும் தெரியும். நாற்காலியும் கதவும் எனக்கு அதைச் சொல்லியிருந்தன. விளக்கு அணையும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன், இடத்தைத் தேர்ந்தெடுத்தேன், மஞ்சளை எடுத்தேன், தோளில் இருந்த பழைய விளக்கைக் கழற்றவைத்தேன். மாப்பிள்ளையைக் கொன்றது நான். அவர் மீது எனக்குக் கோபம் ஏதும் இருந்ததில்லை என்பதையும் இதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. தங்கை இப்போது மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் போய் இருப்பதாகச் சொன்னீர்கள். அது சரிப்படாது. அவர்கள் வீடு மூன்றாம் மாடியில், லிப்ட் கிடையாது. ஏழாம் மாதத்தில் படி ஏறக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை அவள் தானாகச் சாப்பிட மாட்டாள், யாராவது எடுத்து உள்ளங்கையில் வைக்க வேண்டும். மேல்மாடி அறையைக் குழந்தைக்காக வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன், வாரக் கடைசியில் முடித்துவிடுவார்கள். என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று உங்களிடம் அழுத்திச் சொன்னாளாம். கோபத்தில் சொல்லியிருப்பாள். சின்ன வயதிலும் இப்படித்தான், இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்றாம் நாள் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?